இயற்கையோடு இயைந்த கலை அருங்காட்சியகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலைச்சரிவிலோ ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ ஒரு கலை அருங்காட்சியகம் கட்ட நினைப்பவர்கள், கட்டடக்கலை படிக்கும் மாணவர்கள், அப்படிப்பட்ட இடங்களைப் பார்த்துவிட்டு வந்து ‘இதை எப்படிக் கட்டினார்கள்?’ என்று யோசிப்பவர்கள் வழக்கமாகக் கேட்பதையெல்லாம் இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நீளமான பதில் தேவைப்பட்டது. சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

இயற்கையோடு இயைந்தது என்றால் கட்டடம் கண்ணுக்கே தெரியக்கூடாதா?

அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. ஜப்பானின் நவோஷிமா தீவில் தடாவ் ஆண்டோ வடிவமைத்த சிச்சூ கலை அருங்காட்சியகம் (2004) கிட்டத்தட்ட முழுக்க மண்ணுக்குள் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் குன்றில் சில வடிவியல் துளைகள்தான் தெரியும். டென்மார்க்கின் லூசியானா அருங்காட்சியகம் (1958) மறையவில்லை; தாழ்வான கூரையும் கண்ணாடி நடைபாதைகளுமாகப் பழைய தோட்டத்துக்குள் வளைந்து வளைந்து போகிறது. நார்வேயில் கிஸ்டேஃபோஸ் சிற்பப் பூங்காவில் 2019-இல் திறந்த ‘ட்விஸ்ட்’ என்ற கட்டடம் ஆற்றின் குறுக்கே முறுக்கிவிட்ட பாலமாகவே நிற்கிறது. பளிச்சென்று தெரியும் கட்டடம்தான், ஆனாலும் ஆற்றின் இரு கரைகளையும் ஒரே நடையாக இணைத்துவிடுகிறது.

தெரிகிறதா, மறைகிறதா என்பதை விட்டுவிடுங்கள். கட்டடம் வருவதற்கு முன் அந்த நிலம் என்ன செய்துகொண்டிருந்தது? மழைநீர் எந்தப் பக்கம் ஓடியது, காற்று எங்கிருந்து வந்தது, எந்த மரங்களுக்கு நடுவே பறவைகள் போய்வந்தன? கட்டிய பிறகும் இதெல்லாம் நடக்கிறதா என்று பாருங்கள். கூரையில் புல் வளர்த்துவிட்டு ஓடையைக் குழாய்க்குள் அடைத்த கட்டடம் புகைப்படத்தில் மட்டும்தான் பசுமை.

இன்னொரு பாதியும் இருக்கிறது. அதைத்தான் பலரும் மறக்கிறார்கள். வெயில், ஈரம், பூச்சி, உப்புக்காற்று எல்லாமே இயற்கைதான். ஓவியத்தை அழிப்பதும் இவைதான். ஆகவே எந்தக் கலைப்பொருள் எவ்வளவு இயற்கையைத் தாங்கும் என்ற பட்டியலில் இருந்துதான் வடிவமைப்பு தொடங்க வேண்டும். காட்சி அழகாக இருக்கிறது என்று முதலில் கண்ணாடிச் சுவரை வரைந்துவிட்டு, ‘இங்கே எதைத் தொங்கவிடலாம்?’ என்று பிறகு தேடுவது தலைகீழ் வேலை.

நிலத்தில் எந்த இடத்தில் கட்டுவது?

ஏற்கெனவே கெட்டுப்போன இடத்தில். பழைய குவாரி, மண் எடுத்த பள்ளம், இடிந்த கொட்டகை நிற்கும் மூலை என ஏதாவது ஒன்று பெரும்பாலான மனைகளில் இருக்கும். நல்ல இடத்தைக் கட்டடத்துக்குக் கொடுத்தால் அந்த நல்ல இடம் போய்விடும். கெட்ட இடத்தில் கட்டினால், நல்ல இடத்தை அங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இடத்தை முடிவு செய்யும் முன் நிலத்தை எல்லாப் பருவங்களிலும் பார்த்தே ஆக வேண்டும். கோடையில் லெவல் (நிலத்தின் மேடுபள்ள அளவு) எடுத்துவிட்டு வந்தால், மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பது வரைபடத்தில் வராது. முதிர்ந்த மரங்களை ஒவ்வொன்றாக அளந்து குறியுங்கள். மரத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் தோண்டக்கூடாது என்பதற்கு பிரிட்டிஷ் தரநிலை ஒரு கணக்கு தருகிறது: தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டம் எவ்வளவோ, அதைப்போல் 12 மடங்கு ஆரம். விட்டம் 60 செ.மீ. என்றால் சுற்றிலும் 7.2 மீட்டர். அந்த வட்டத்துக்குள் அஸ்திவாரம் மட்டுமல்ல, லாரி நிறுத்துவதும் ஜல்லி கொட்டுவதும்கூடக் கூடாது. மண் இறுகினால் வேருக்குக் காற்று போகாது. மரம் உடனே சாகாது. திறப்பு விழாவெல்லாம் முடிந்து சில ஆண்டுகள் கழித்துப் பட்டுப்போகும். அப்போது யாரும் ஜல்லியை நினைத்துப் பார்ப்பதில்லை.

லூசியானாவில் கட்டடக் கலைஞர்கள் யோர்கன் போவும் வில்ஹெல்ம் வோலெர்ட்டும் செய்தது இதற்கு நல்ல பாடம். மனையில் இருந்த 19-ஆம் நூற்றாண்டு மாளிகையை இடிக்காமல் அதையே வாசலாக்கினார்கள். அங்கிருந்து புறப்படும் நடைபாதைகள் மரங்களையும் மேடுபள்ளங்களையும் பார்த்துத் திரும்பித் திரும்பிப் போகின்றன. பிளானைத் தாளில் பார்த்தால் கோணலாகத் தெரியும். நடந்து பார்த்தால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் காரணம் புரியும்.

மண்ணுக்குள் கட்டிவிட்டால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடும் இல்லையா?

சில தீரும், சில புதிதாக வரும். சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும்; பகலுக்கும் இரவுக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. கலைப்பொருள்களுக்கு அது பிடிக்கும். வெயிலும் நேராக உள்ளே வராது.

ஆனால் மண்ணுக்குள் போகிறவர் தண்ணீரோடு வாழ்நாள் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார். வாட்டர்ப்ரூஃபிங், சுவருக்குப் பின்னால் வடிகால், பம்ப், அந்த பம்ப் நின்றுபோனால் இன்னொரு பம்ப். 1966 நவம்பரில் ஆர்னோ ஆறு பெருகி ஃபுளோரன்ஸ் நகரம் மூழ்கியபோது பழைய இத்தாலிய ஓவியர் சிமாபுவேயின் புகழ்பெற்ற சிலுவை ஓவியம் தன் வண்ணத்தின் பெரும்பகுதியை இழந்தது. 2016-இல் பாரிஸில் சென் நதி உயர்ந்தபோது லூவ்ர் அருங்காட்சியகம் கதவை மூடிவிட்டுக் கீழ்த்தளக் கிடங்கில் இருந்தவற்றை அவசர அவசரமாக மேலே ஏற்றியது. அந்த வெள்ள அபாயத்துக்காகவே நதியிலிருந்து வெகு தொலைவில், வடக்கே லியேவான் என்ற ஊரில் கட்டிய சேமிப்பு மையம் 2019-இல் திறந்தது. எவ்வளவு நல்ல வாட்டர்ப்ரூஃபிங் செய்தாலும் கிடங்கை மட்டும் வெள்ள மட்டத்துக்குக் கீழே வைக்காதீர்கள்.

தோண்டுவதும் ஒரு காயம்தான். ஜப்பானின் ஷிகா மலைகளில் ஐ. எம். பெய் வடிவமைத்த மிஹோ அருங்காட்சியகத்தின் (1997) பெரும்பகுதி நிலத்துக்கடியில்தான் இருக்கிறது. அதற்காக மலையின் ஒரு பகுதியை அகற்றி, கட்டி முடித்து, மண்ணைத் திரும்பப் போட்டு மரம் நட்டார்கள். இன்று பார்ப்பவருக்கு மலையைத் தொடவே இல்லை என்றுதான் தோன்றும். அப்படிச் செய்வதற்குப் பணமும் பொறுமையும் வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் தரைமேல் சின்னதாகக் கட்டுவது நல்லது. தோண்டினாலும் மேல்மண்ணைத் தனியாகக் குவித்துக் காப்பாற்றுங்கள். விதையும் நுண்ணுயிரும் அதில்தான் இருக்கின்றன.

இயற்கை ஒளி ஓவியங்களுக்கு ஆகாது என்கிறார்களே?

நேர் வெயில் ஆகவே ஆகாது. அடக்கிய பகலொளி வேறு விஷயம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காகிதம், துணி, நீர்வண்ணம் போன்ற மென்மையான பொருள்களுக்கு 50 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு) அளவும், எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு சுமார் 200 லக்ஸ் வரையும் என்பது வழக்கமான வரம்பு. ஒளியின் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்ப வராது. ஒரு நீர்வண்ண ஓவியத்தை 50 லக்ஸில், நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் காட்டினால் 1,20,000 லக்ஸ்-மணி ஆகிறது. உச்சிவெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அதாவது ஓராண்டுக் காட்சிக்குரிய ஒளியை நேர் வெயில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் கொட்டிவிடும். ஒரே ஒரு சன்னல் தப்பான திசையில் இருந்தால் போதும்.

அப்புறம் ஏன் நல்ல கட்டடக் கலைஞர்கள் எல்லாரும் பகலொளியை விடமாட்டேன் என்கிறார்கள்? விளக்கொளியில் ஓவியம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். பகலொளியில் மேகம் போனால் அறை மாறும், வண்ணம் மாறும், பார்ப்பவருக்கு நேரம் தெரியும். சிச்சூவில் பிரெஞ்சு ஓவியர் மொனேயின் அல்லிக்குள ஓவியங்கள் உள்ள அறையில் மின்விளக்கே கிடையாது. மண்ணுக்குள் இருக்கும் அறை, வெளியே உள்ள வானத்தைப் பொறுத்துத் தெளிந்தும் மங்கியும் மாறுகிறது. ஜெர்மனியின் ஹோம்ப்ரோய்ஷ் தீவு அருங்காட்சியகம் இன்னும் ஒரு படி மேலே போய், விளக்கோடு சேர்த்துப் பெயர்ப்பலகைகளையும் விட்டுவிட்டது.

அடக்குவதில்தான் கைவேலை இருக்கிறது. அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த்தில் லூயி கான் கட்டிய கிம்பெல் அருங்காட்சியகத்தில் (1972) வளைகூரையின் உச்சியில் நீளமான பிளவு இருக்கும். அதன் வழியே வரும் வெயில் நேராகக் கீழே இறங்காது. துளையிட்ட அலுமினியத் தகட்டில் பட்டு, வளைந்த கான்கிரீட்டில் தெறித்து, வெள்ளி நிறத்தில் பரவும். ஹூஸ்டனின் மெனில் கலைக்கூடத்தில் (1987) ரென்சோ பியானோ கூரைக்கு அடியில் ஃபெரோசிமென்ட் (கம்பிவலை வைத்த மெல்லிய சிமென்ட்) ‘இலைகளை’ வரிசையாகத் தொங்கவிட்டார். இரண்டிலும் வெயில் குறைந்தது இரண்டு தடவையாவது எதிலாவது பட்டுத்தான் சுவருக்கு வருகிறது.

வடக்குப் பக்கம் திறந்தால் போதும் என்ற பாடத்தை அப்படியே நம்பாதீர்கள். அது வட அரைக்கோளத்தின் மிதவெப்ப நாடுகளுக்கு எழுதியது; தென் அரைக்கோளத்தில் திசை தலைகீழ். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையே உள்ள ஊர்களில் சூரியன் ஆண்டில் சில காலம் வடக்கேயும் சில காலம் தெற்கேயும் போகும். அங்கே இரண்டு பக்கத்துக்கும் தடுப்பு வேண்டும்.

பக்கத்து மனையையும் பார்த்துக்கொள்ளுங்கள். டாலஸ் நகரின் நாஷர் சிற்ப மையத்துக்கு (2003) பியானோ மிக நுட்பமான கூரை செய்தார். வடக்கு வானத்து ஒளி மட்டும் உள்ளே வரும்படி சின்னச் சின்ன அலுமினிய மறைப்புகள். சுமார் பத்து ஆண்டு கழித்து வடக்கே 42 மாடிக் கண்ணாடிக் கோபுரம் ஒன்று எழுந்தது. அதில் பட்டுத் திரும்பிய வெயில், திறந்து வைத்திருந்த அந்த வடக்கு வழியாகவே கூடத்துக்குள் புகுந்தது.

சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்தால் காடே உள்ளே வந்துவிடுமே?

வரும். வந்து ஓவியத்தை மறைத்துவிடும். பிரகாசமான கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கும் படத்தைக் கண் சரியாகப் பார்க்காது. எதிர்ச்சுவரில் இருந்தால் படத்தின் கண்ணாடியில் தோட்டம் பிரதிபலிக்கும்.

லூசியானாவின் தீர்வு எனக்குப் பிடித்தது: பார்ப்பதற்கு அறை, நடப்பதற்குக் கண்ணாடி. படங்கள் மூடிய அறைகளில் இருக்கும். அறைக்கும் அறைக்கும் நடுவே தோட்டத்தைப் பார்த்தபடி நடக்கலாம். அருங்காட்சியகத்தில் வரும் அலுப்பைப் பற்றி 1916-லேயே பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் என்பவர் எழுதியிருக்கிறார். இருபது படம் பார்த்த கண்ணுக்குக் கொஞ்சம் மரமும் கடலும் காட்டினால் இருபத்தோராவது படத்தைத் தெம்பாகப் பார்க்கும். அங்கேயே ஒரு விதிவிலக்கும் உண்டு. சிற்பி ஜாகோமெட்டியின் மெலிந்த வெண்கல உருவங்கள் நிற்கும் கூடத்தில் பெரிய சன்னல் குளத்தை நோக்கித் திறக்கிறது. வெண்கலத்துக்கு வெளிச்சத்தைப் பற்றிக் கவலை இல்லை, ஆகவே அங்கே குளம் உள்ளே வரலாம்.

பறவைகளை மறக்க வேண்டாம். அமெரிக்காவில் மட்டும் கட்டடங்களில் மோதி ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை பறவைகள் சாகின்றன என்று 2014-இல் வந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. காட்டுக்கு நடுவே கண்ணாடி என்றால் அபாயம் அதிகம். வெளிப்புறத்தில் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ பதித்த கண்ணாடி நன்றாக வேலை செய்கிறது. உள்ளே ஒட்டும் ஒற்றைப் பருந்துப் படத்தால் பெரிய பலனில்லை.

சூடும் ஈரமுமான ஊரில் ஏசி இல்லாமல் நடத்த முடியுமா?

முழுக்க இல்லாமல் கஷ்டம். ஆனால் கட்டடம் முழுவதற்கும் தேவையில்லை. 20 டிகிரி சொச்சம், 50 சதவீத ஈரப்பதம், அசையவே கூடாது என்ற பழைய கெடுபிடி இப்போது தளர்ந்திருக்கிறது. பெரிய அருங்காட்சியகங்களின் இயக்குநர்கள் கூடும் பீஸோ குழுவின் பசுமை நெறிமுறை, பெரும்பாலான பொருள்களுக்கு 16 முதல் 25 டிகிரி, 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் போதும் என்கிறது. ஒரு நாளைக்குள் ஏற்ற இறக்கம் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மெதுவாக மாறினால் மரச்சட்டமும் துணியும் சமாளித்துக்கொள்ளும். சட்டென்று மாறினால்தான் வெடிக்கும்.

எனவே கட்டடத்தை அடுக்குகளாக யோசியுங்கள். வெளியே நிழல் தரும் தாழ்வாரம். அங்கே கல், சுடுமண், வெண்கலம். அடுத்து காற்றோட்டமான கூடம். நடுவில், தடித்த சுவருக்குள், காகிதமும் துணியும் ஓவியமும். ஏசி அந்த நடு அறைக்கு மட்டும். வெளி அடுக்குகளே பாதி வேலையைச் செய்துவிடுவதால் கரண்ட் செலவு குறையும். பகலில் ஏசி போட்டு இரவில் நிறுத்துவதுதான் ஆகக் கேடான பழக்கம். ஈரப்பதம் தினமும் ஏறி இறங்கும்; 65, 70 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை வரும்.

போபாலில் சார்லஸ் கொரியா வடிவமைத்த பாரத் பவன் (1982) இந்த வகையில் இன்னும் பார்க்கத் தகுந்தது. ஏரியை நோக்கி இறங்கும் சரிவில் படிப்படியான மேல்தளங்களும் தாழ்ந்த முற்றங்களும். கூடங்கள் மண்ணை ஒட்டி நிழலில் இருக்கின்றன. மேலே நடப்பவருக்கு ஏரி தெரிகிறது. சூடான ஊரில் தரையை வெட்டி முற்றம் அமைப்பதும், வெயில் சாய்ந்தபின் மொட்டைமாடியில் உட்காருவதும் புதிய யோசனைகள் அல்ல. அவரிடம் அவை காட்சிக்கூடத்துக்குள்ளும் சரியாகப் பொருந்திவிட்டன.

பூச்சிகள்?

சுவரை ஒட்டிச் செடி வைக்காதீர்கள். சுற்றிலும் ஒரு மீட்டர் அகலத்துக்குச் சரளைக்கல் விட்டால் கரையான் வருவது கண்ணில் படும். புதிதாக வரும் ஒவ்வொரு பொருளையும் தனி அறையில் வைத்துப் பார்த்த பிறகே உள்ளே சேர்க்க வேண்டும். சிற்றுண்டிக் கடையைக் கிடங்குக்குப் பக்கத்தில் வைப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். எலிக்கு அதைவிட நல்ல அழைப்பிதழ் கிடையாது.

உள்ளூர்க் கல்லும் மரமும் பயன்படுத்தினால் போதாதா?

நல்லதுதான். அதற்காக வேதமும் இல்லை. மலைக்குள் மறைந்த மிஹோவின் உட்சுவர்க் கல் பிரான்சிலிருந்து வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் கெட்டி மையத்தின் டிராவர்டைன் என்ற சுண்ணாம்புக்கல் இத்தாலியிலிருந்து வந்தது. கண்ணுக்கு இயைந்திருப்பது வேறு, வந்த தூரத்தின் கணக்கு வேறு. இடிபாட்டைப் பயன்படுத்துவதில் சீனக் கட்டடக் கலைஞர் வாங் ஷூவை யாரும் மிஞ்சவில்லை: நிங்போ வரலாற்று அருங்காட்சியகத்தின் (2008) சுவர்களில் இடிக்கப்பட்ட பழைய கிராமங்களின் செங்கலும் ஓடும் அடுக்கடுக்காக இருக்கின்றன.

ஆனால் இயற்கைப் பொருள் என்றாலே கலைப்பொருளுக்கு நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. ஓக் மரம் அசெட்டிக் அமில ஆவியை விடும். மூடிய பெட்டிக்குள் அது ஈயத்தை அரிக்கும். புதிய கான்கிரீட்டில் இருந்து வரும் காரத்துகள்கள் எண்ணெய் வண்ணத்துக்கு ஆகாது. கட்டி முடித்த மறுவாரமே திறப்பு விழா வைக்காமல், சுவர் காய்வதற்குச் சில மாதங்களாவது விடுங்கள். தேதியை முன்கூட்டியே அறிவித்துவிடுவதால் கெடுகிற முதல் விஷயம் இதுதான்.

சிற்பங்களை வெளியே வைத்தால் பராமரிப்பு குறையும்தானே?

கூடும். வெண்கலத்தைக் கழுவி ஆண்டுதோறும் மெழுகு பூச வேண்டும். துருவே பூச்சாக அமையும் கார்ட்டன் எஃகு, கடற்காற்று வீசும் இடத்தில் நிற்காமல் அரித்துக்கொண்டே போகும். இதற்கெல்லாம் மேலே, புல்வெட்டும் இயந்திரம்: அடிப்பகுதியில் விழும் பெரும்பாலான கீறல்கள் அதனால்தான். சிற்பத்தின் காலடியில் புல்லுக்குப் பதில் சரளை வைத்தால் தொல்லை விட்டது.

எதையுமே பாதுகாக்கத் தேவையில்லாத கலை என்றால் கதவே வேண்டாம். ஜப்பானின் டெஷிமா தீவில் ரியூவே நிஷிசாவா கட்டிய அருங்காட்சியகம் (2010) தூணே இல்லாத, 25 செ.மீ. தடிமனுள்ள வளைந்த கான்கிரீட் கூடு. மண்ணைக் குவித்து அதன்மேல் கான்கிரீட் ஊற்றி, இறுகியபின் உள்ளே இருந்த மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். மேலே இரண்டு பெரிய திறப்புகள், கண்ணாடி கிடையாது. உள்ளே ரேய் நைட்டோவின் படைப்பு: தரையின் நுண்துளைகளில் ஊறித் துளித்துளியாக ஓடும் தண்ணீர். மழை, இலை, பூச்சி எது உள்ளே வந்தாலும் அதுவும் காட்சிதான். இந்தச் சுதந்திரத்தைப் பார்த்துவிட்டு நீர்வண்ண ஓவியத்துக்கும் இதே மாதிரி கட்டுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு.

வண்டிகளை எங்கே நிறுத்துவது?

தூரத்தில். பல மனைகளில் கட்டடத்தைவிட வாகன நிறுத்தம்தான் அதிக நிலத்தை விழுங்குகிறது. மிஹோவில் வரவேற்புக் கட்டடத்தோடு வண்டி நின்றுவிடும். அங்கிருந்து சுரங்கப்பாதை, தொங்குபாலம், அப்புறம்தான் வாசல். அமெரிக்காவில் மேரிலாந்தின் கிளென்ஸ்டோன் அருங்காட்சியகத்தில் முன்பதிவு வைத்துக் கூட்டத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். வண்டியை விட்டுவிட்டு மரங்களுக்கு நடுவே நடந்து போக வேண்டும். நடக்க முடியாதவர்களுக்குச் சின்ன மின்வண்டியும் வழியில் உட்கார இடமும் கட்டாயம் இருக்க வேண்டும். அதைச் செய்யாமல் நீண்ட நடையை மட்டும் அனுபவம் என்று விற்பது நியாயமில்லை.

காட்டுத்தீ வந்தால்?

காட்டை ஒட்டிக் கட்டுபவர்கள் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி. 2025 ஜனவரியில் பாலிசேட்ஸ் காட்டுத்தீ லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் உள்ள கெட்டி வில்லா அருங்காட்சியகத்தின் வளாகத்துக்குள் வந்து சில மரங்களை எரித்தது. கட்டடமும் சேகரிப்பும் தப்பின. ஆண்டு முழுக்கப் புதர் வெட்டி வைத்ததும், நிலத்தை நனைத்து வைத்ததும், புகை புகாமல் கூடங்களை அடைத்ததும் கைகொடுத்தன. சுவரோரம் வரை காட்டை விடும் கனவுக்கு இங்கே இடமில்லை.

புதிதாகக் கட்டாமல் இருக்கிற கட்டடத்தில் செய்யலாமா?

முடிந்தால் அதைத்தான் செய்யச் சொல்வேன். ஜப்பானின் இனுஜிமா தீவில் 1909-இல் தொடங்கிச் சுமார் பத்தே ஆண்டில் மூடிய தாமிர உருக்காலை ஒன்று பாழடைந்து கிடந்தது. கட்டடக் கலைஞர் ஹிரோஷி சம்புயிச்சி அதையே 2008-இல் அருங்காட்சியகமாக்கினார். காற்றை மண்ணுக்கடியில் உள்ள பாதை வழியே இழுத்துக் குளிர்விக்கிறார்கள். வெயிலில் சூடாகும் காற்று, ஆலையின் பழைய புகைபோக்கி வழியாக மேலேறிப் போகிறது. ஏசி இல்லை. தரைக்கும் சுவருக்கும் உருக்காலைக் கசடில் வார்த்த கருப்புச் செங்கல்.

பழைய கட்டடத்தை எடுப்பவர்கள் முதலில் மூன்றைச் சோதியுங்கள்: கூரை ஒழுகுகிறதா, தளம் சிற்பத்தின் எடையைத் தாங்குமா, முன்பு இருந்த தொழிலின் நச்சு மண்ணில் தங்கியிருக்கிறதா. மூன்றாவதுதான் அதிகம் செலவு வைப்பது. ஆகவே மண் பரிசோதனை அறிக்கை கைக்கு வரும்வரை மனைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.